ஓதச் சுவர்: வெடியுப்பு, சுண்ணாம்பு, கொள்ளைநோய், வண்ணப்பூச்சு

மழைக்காலம் முடிந்த சில வாரங்களில், பழைய வீடுகளின் உட்சுவர்களில் தரையிலிருந்து ஏறத்தாழ மூன்றடி உயரத்தில் ஓர் ஒழுங்கற்ற கோடு தெரியத் தொடங்குகிறது. கோட்டுக்குக் கீழே வண்ணம் கொப்பளிக்கிறது, காரை பொடிந்து உதிர்கிறது, வெள்ளைத் துகள் படர்கிறது. காற்றோட்டம் இல்லாத மூலைகளிலும் பீரோவின் பின்புறத்திலும் பூஞ்சணம் கரும்புள்ளிகளாகப் பரவுகிறது. இந்தி பேசுவோர் இதைச் ‘சீலன்’ என்பர், மராத்தியில் ‘ஓல்’. இவ்விரண்டு சொற்களும் ஈரத்தைக் குறிப்பவை. வங்காளத்திலும் பிகாரிலும் வழங்கும் ‘நோனா’ என்ற சொல்லோ உப்பைக் குறிக்கிறது. தமிழின் ‘ஓதம்’ ஈரத்தையும் குறிக்கும், கடலையும் குறிக்கும்.

சுவரைச் சிதைப்பது நீரா, உப்பா என்ற வினாவுக்கு விடை இச்சொற்களிலேயே இருக்கிறது. நிலத்தடி ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறும்போது மண்ணிலுள்ள உப்புகளையும் கரைத்துக்கொண்டு வருகிறது. சுவரின் மேற்பரப்பில் நீர் ஆவியாகிவிடுகிறது. உப்பு தங்கிப் படிகமாகிறது. படிகம் வளரும்போது உண்டாகும் அழுத்தம் காரையை உடைக்கிறது. தங்கிய உப்புகளுள் நைட்ரேட்டு வகையைச் சேர்ந்தவை காற்றிலுள்ள ஈரத்தையும் ஈர்க்கும். எனவே ஒழுக்கு எதுவும் இல்லாத சுவர்கூட அடுத்த மழைக்காலத்தில் தானாகவே நனைந்து தெரிகிறது.

இந்த இயற்பியல் எக்காலத்துக்கும் பொது. ஆனால் ஓதச் சுவரை என்னவாகக் கருதினார்கள் என்பது காலந்தோறும் மாறியிருக்கிறது. ஒரு காலத்தில் அது விளைபொருள் தரும் இடமாகவும் ஆண்டுதோறும் பேணவேண்டிய பொருளாகவும் இருந்தது. பின்னர் அது நோயின் உறைவிடமாகவும் குடியிருப்போரின் குற்றமாகவும் கருதப்பட்டது. இன்று அது மேற்பரப்பின் அழகுக்குறையாக மட்டுமே எண்ணப்படுகிறது. சிகிச்சையும் அதற்கேற்ப மாறியது. ஒவ்வொரு மாற்றத்திலும் செலவும் பழியும் எவர்மீது விழுந்தன என்பதே இங்கு ஆராயத்தக்கது.

1. சுவரில் விளைந்த சரக்கு

பிகாரின் சாரண், சம்பாரண், திர்ஹுத் பகுதிகளில் வாழ்ந்த நோனியா சமூகத்தினருக்கு இந்த வெள்ளைத் துகளே வாழ்வாதாரம். மாட்டுக்கொட்டிலைச் சுற்றிய நிலம், பழைய மண்சுவர்களின் அடிப்பகுதி, சாம்பலும் கழிவும் கொட்டப்பட்ட இடங்கள் ஆகியவற்றில், மழைக்குப் பிந்தைய வறண்ட மாதங்களில், வெடியுப்பு பூத்தது. கால்நடைச் சிறுநீரிலும் கழிவுகளிலும் உள்ள நைட்ரஜனை மண்ணின் நுண்ணுயிரிகள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. ஈரம் அதை மேற்பரப்புக்குக் கொண்டுவருகிறது. நோனியாக்கள் அம்மண்ணைச் சுரண்டி எடுத்து, வைக்கோலும் பாயும் பரப்பிய வடிதொட்டியில் இட்டு நீர் ஊற்றி வடித்தனர். மரச்சாம்பல் சேர்ப்பதால் கால்சியம் நைட்ரேட்டு பொட்டாசியம் நைட்ரேட்டாக மாறும். வடிந்த நீரைக் காய்ச்சி ஆறவைத்தால் வெடியுப்புப் படிகம் கிடைக்கும்.

பதினேழாம் நூற்றாண்டில் டச்சு, ஆங்கிலேய நிறுவனங்கள் பாட்னாவில் கிடங்கு வைத்தமைக்கு முதன்மைக் காரணங்களுள் ஒன்று இச்சரக்கு. பிளாசிப் போருக்கு அடுத்த ஆண்டான 1758-இல், பிகார் வெடியுப்பின் தனியுரிமையை மீர் ஜாபரிடமிருந்து கிளைவ் கும்பினிக்காகப் பெற்றார். பிரிட்டனின் வெடிமருந்து ஆலைகளுக்குச் சென்ற வெடியுப்பில் பெரும்பகுதி பிகாரின் கிராமப்புற மண்ணிலிருந்து சுரண்டப்பட்டதாகும். ஐரோப்பியப் போர்களின் பொருளாதாரத்துக்கும் ஒரு குடியானவனின் கொட்டிலடிச் சுவருக்கும் இடையே இவ்வாறு நேரடித் தொடர்பு இருந்தது.

வெடியுப்பைக் காய்ச்சும்போது சமையல் உப்பும் துணைப்பொருளாகக் கிடைக்கும். உப்பு வரியைப் பேணிய அரசுக்கு இது தலைவலியாயிற்று. வெடியுப்புத் தயாரிப்பு உரிமத்துக்குள் கொண்டுவரப்பட்டது; உரிமமின்றிச் செய்வது குற்றமாயிற்று. 1930-இல் கடலில்லாத பிகாரில் உப்புச் சத்தியாக்கிரகம் நடத்த வேண்டியிருந்தபோது, தொண்டர்கள் நோனியாக்களின் இந்தப் பழைய முறையையே கையாண்டு உவர்மண்ணிலிருந்து உப்புக் காய்ச்சினர். தண்டியின் கடற்கரையைப் பாடநூல்கள் நினைவில் வைத்திருக்கின்றன. பிகாரின் உவர்மண் பெரும்பாலும் மறக்கப்பட்டுவிட்டது. சிலியின் நைட்ரேட்டு உலகச் சந்தைக்கு வந்தபின் வெடியுப்புத் தொழில் நலிந்தது. நோனியாக்கள் பலர் மண்வெட்டும் கூலிகளாயினர்.

இந்த வரலாற்றிலிருந்து கட்டடக்கலை மாணவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. உப்புச் சுவரின் வெளிப்புறத்தில் பூப்பது, சுவர் தன் ஈரத்தை வெளியேற்றிக்கொண்டிருக்கிறது என்பதன் அடையாளம். துடைத்தெடுக்கக்கூடிய இடத்தில் அது பூக்கும்வரை சுவருக்குப் பேராபத்து இல்லை. வெளியேறும் வழி அடைபடும்போதுதான் படிகம் உள்ளேயே வளர்ந்து காரையைத் தகர்க்கிறது.

2. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்ட தோல்

சுண்ணாம்பு அந்த வழியை அடைக்காத பூச்சு. சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ சூளையில் சுட்டு, நீற்றி, குழைத்துப் பூசினால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் கல்லின் இயல்பை அடைகிறது. நுண்துளைகள் மிகுந்திருப்பதால் ஈரம் அதன் வழியே வெளியேறும். புதிதாகப் பூசிய சுண்ணாம்பின் காரத்தன்மை மிக உயர்ந்தது. அதன்மீது பூஞ்சணம் வளர்வது அரிது. ஆனால் கரியமில வாயுவை ஏற்க ஏற்க அந்தக் காரத்தன்மை குறைகிறது. எனவே வெள்ளையடிப்பு ஒருமுறை செய்து முடிக்கும் வேலையாக இருக்க இயலாது. மீண்டும் மீண்டும் செய்யப்படுவதே அதன் இயல்பு.

அதற்கான பருவத்தையும் வழக்கம் வகுத்திருந்தது. தென்மேற்குப் பருவமழையை நம்பிய வடஇந்தியாவில் மழை ஓய்ந்தபின் வரும் தீபாவளியை ஒட்டி வீடுகளுக்கு வெள்ளையடிக்கின்றனர். வடகிழக்குப் பருவமழை மிகுந்த தமிழகத்திலோ அம்மழை ஓய்ந்தபின் வரும் பொங்கலை ஒட்டி அதே பணி நடைபெறுகிறது. தமிழகத்தில் தீபாவளி மழைக்காலத்தின் நடுவே வருவதால் அப்போது பூசும் சுண்ணாம்பு காயாது. திருநாள்கள் இதற்காக உண்டானவை அல்ல. ஆனால் வெள்ளையடிப்பு எந்தத் திருநாளோடு ஒட்டிக்கொண்டது என்பதை அந்தந்த வட்டாரத்தின் மழையே தீர்மானித்திருக்கிறது எனக் கருத இடமுண்டு.

கட்டுமானச் சுண்ணாம்பின் செய்நேர்த்தி ஐரோப்பியரையும் கவர்ந்தது. செயின்ட் எலீனா தீவின் ஆளுநராக இருந்த ஐசக் பைக், சென்னையில் சாந்து தயாரிக்கும் முறையை விவரித்து எழுதிய குறிப்பு, 1730-களின் தொடக்கத்தில் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது. கடுக்காய்நீர், வெல்லம் ஆகியவற்றைச் சாந்தில் கலப்பதும், மெருகுப்பூச்சுக்கு முட்டை வெண்கரு, தயிர், நெய் சேர்ப்பதும் அத்தகைய குறிப்புகள் வழியே அங்கு அறியப்பட்டன. வடக்கே வெல்லத்தோடு வில்வப்பழக் கூழும் உளுந்தும் கலந்தனர். செங்கல்பொடியாகிய சுர்க்கியைச் சேர்த்தால் ஈரத்திலும் இறுகும் சாந்து கிடைத்தது. கல்கத்தா நகரம் எழும்பியபோது அதற்கான சுண்ணாம்பு காசி மலையடிவாரத்திலிருந்து சில்ஹெட் வழியாகப் படகுகளில் வந்தது. 1778 முதல் சில்ஹெட்டில் கும்பினி அதிகாரியாக இருந்த ராபர்ட் லிண்ட்சே அவ்வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டினார்.

இவற்றைக்கொண்டு பழமையைப் பொற்காலமாக்குவது பிழை. சுண்ணாம்புச் சுவர் நீடித்ததற்கு அதன் வேதியியல் மட்டும் காரணம் அன்று. மலிவாகக் கிடைத்த உழைப்பும் காரணம். சூளையில் சுட்டோர், நீற்றுத்தொட்டியில் கையும் காலும் வெந்தோர், காரையை நாட்கணக்கில் அரைத்துத் தேய்த்தோர் ஆகியோரின் கூலி மிகக் குறைவு. மண்சுவர் வீடுகளில் சாணமும் செம்மண்ணும் குழைத்து மெழுகிய பெண்களின் உழைப்புக்குக் கூலியே இல்லை. இந்த உழைப்பைக் கணக்கில் கொள்ளாமல், சிமெண்டு ஏன் இத்துணை விரைவாக வரவேற்கப்பட்டது என்பதை விளங்கிக்கொள்ள இயலாது.

3. சுவரே குற்றவாளி

வெள்ளையடிப்பின் பொருளை வன்முறையோடு மாற்றியது கொள்ளைநோய். 1896 செப்டம்பரில் பம்பாயின் மாண்ட்வி பகுதியில் பிளேக் கண்டறியப்பட்டது. 1897 பிப்ரவரியில் தொற்றுநோய்ச் சட்டம் நிறைவேறியது. நோய்க்கிருமியை 1894-இலேயே யெர்சின் ஹாங்காங்கில் இனங்கண்டிருந்தார். எனினும் அது பரவும் வழி தெளிவாகாத நிலையில், ஈரமும் இருளும் நெரிசலும் கொண்ட வீட்டிலேயே நோய் தங்குகிறது என்ற நம்பிக்கை நிர்வாகத்தை வழிநடத்தியது. சுவர்களில் பாதரசக் கரைசலும் கார்பாலிக் அமிலமும் பீய்ச்சப்பட்டன. தரை தோண்டப்பட்டது, வெயில் புகக் கூரையோடுகள் பிரிக்கப்பட்டன, சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கப்பட்டது. மனிதர் வாழத் தகாதவை எனத் தீர்மானிக்கப்பட்ட வீடுகளின் சுவர்களில் ‘யு.எச்.எச்.’ என்ற மூன்றெழுத்து முத்திரை பொறிக்கப்பட்டது.

புனேயில் சிறப்புப் பிளேக் குழுவின் தலைவர் ராண்டின் கீழ், வீடு புகுந்து நோயாளிகளைத் தேடும் படையினரோடு கிருமிநீக்கத்துக்கும் சுண்ணாம்பு அடிப்பதற்கும் தனித்தனிப் பிரிவுகள் இயங்கின. பண்டிகைக்கு முன் குடும்பத்தார் விரும்பிச் செய்துவந்த ஒரு செயல், அந்நியப் படையினர் அடுக்களைக்குள்ளும் பூசையறைக்குள்ளும் நுழைந்து செய்யும் செயலாயிற்று. 1897 ஜூன் 22 அன்று சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டனர். அந்நிகழ்ச்சியை அரசியல் வரலாறு விரிவாகவே பேசியிருக்கிறது. அவ்வாண்டின் சினத்துக்குள் சுண்ணாம்பு வாளிக்கும் ஓர் இடம் உண்டு என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

பிளேக் எலித்தெள்ளு வழியே பரவுகிறது என்பதை 1898-இல் சிமோன் முன்வைத்தார். 1905-இல் தொடங்கிய ஆய்வுக்குழுவின் பணி அதை உறுதிப்படுத்திய பின்னரே அக்கருத்து பரவலாக ஏற்கப்பட்டது. அதற்குள் சுவர்களுக்கு எதிரான போர் நகரமைப்பாக உருமாறியிருந்தது. 1898-இல் அமைந்த பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை, நெரிசலான குடியிருப்புகளை இடித்துச் சாலைகளை அகலப்படுத்தியது. இடித்த அளவுக்கு, குறிப்பாகத் தொடக்க ஆண்டுகளில், ஏழைகளுக்கு மாற்றுவீடு கட்டித்தரவில்லை. வெளியேற்றப்பட்டோர் அருகிலிருந்த நெரிசலான குடியிருப்புகளுக்கே சென்றனர். ஈரச்சுவர் நோய்க்குக் காரணம் என்று சொல்லப்பட்டபோது, அந்தச் சுவருக்கு உள்ளே வாழும் கட்டாயம் எவ்வாறு உண்டாயிற்று என்ற வினா ஒதுக்கிவைக்கப்பட்டது.

4. அடைக்கப்பட்ட சுவர்

1904-இல் சென்னையில் சிறு அளவில் தொடங்கிய சிமெண்டு உற்பத்தி நிலைபெறவில்லை. 1914-இல் போர்பந்தரில் தொடங்கியதே தொடர்ந்த உற்பத்தியாயிற்று. 1936-இல் பல ஆலைகள் இணைந்து ஏ.சி.சி. நிறுவனம் உருவானது. முப்பதுகளில் பம்பாயில் எழுந்த கற்காரைக் கட்டடங்கள் நவீன வாழ்வின் அடையாளமாயின. நாட்கணக்கில் அரைக்க வேண்டாத, விரைவில் இறுகும், வலிமை மிகுந்த சிமெண்டு, கொத்தனாருக்கும் உரிமையாளருக்கும் ஒருங்கே வசதியாக இருந்தது. அடித்தளத்தில் ஓதத்தடுப்பு அடுக்கு இட்டுக் கட்டிய புதிய வீடுகளுக்கு அது பொருந்தவும் செய்தது.

சிக்கல் எழுந்தது பழைய சுவர்களில். மென்மையான செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்ட சுவரில், கீழே உதிர்ந்த மூன்றடிக்கு மட்டும் சிமெண்டுக் கலவை பூசுவது நாடெங்கும் வழக்கமாயிற்று. ஈரம் வெளியேறும் இடம் அடைபடவே, அது பூச்சுக்கு மேலே ஏறி வேறு வழி தேடியது. இரண்டு மூன்று ஆண்டுகளில் மூன்றடிக் கோடு ஐந்தடிக்கு உயர்ந்தது. சிமெண்டு தோற்றது எனக் கொள்ளாமல், பூச்சு போதவில்லை எனக் கொண்டு, மேலும் உயரத்துக்குச் சிமெண்டு பூசப்பட்டது.

வண்ணப்பூச்சின் வரலாறும் இதே திசையில் சென்றது. 1902-இல் ஹௌராவில் ஷாலிமார் நிறுவனமும் 1942-இல் பம்பாயில் ஏசியன் பெயிண்ட்ஸ் நிறுவனமும் தொடங்கின. சுண்ணாம்புக்கு அடுத்து நடுத்தர வகுப்பின் உட்சுவர்களுக்கு வந்தது டிஸ்டெம்பர். பழைய வகை டிஸ்டெம்பரில் சுண்ணத்தூளைப் பிணைத்தது விலங்குப் பசை. ஈரம் பட்டால் அப்பசையே பூஞ்சணத்துக்கு உணவாகும். பின்னர் எண்ணெய் கலந்த டிஸ்டெம்பரும், பிளாஸ்டிக் எமல்ஷனும் வந்தன. துடைத்தால் அழுக்கு போகும் என்பதே அவற்றின் கவர்ச்சி. துடைக்கத்தக்க அந்த மெல்லிய படலம், ஈரச்சுவரின் மீது அடிக்கப்படும்போது, உள்ளிருந்து வரும் நீராவியைத் தடுத்துக் கொப்பளிக்கிறது. 1954-இல் ஆர்.கே. லட்சுமண் ஏசியன் பெயிண்ட்ஸுக்காக வரைந்த கட்டு என்னும் சிறுவன் கையில் தூரிகையோடு வீடுதோறும் அறிமுகமானபோது, சுவர் குடும்பத்தின் பெருமிதத்தைக் காட்டும் பரப்பாக மாறியிருந்தது. அந்தப் பரப்பில் கறை தெரிவது வெட்கம்; மறைப்பதே தீர்வு என்றாயிற்று. 1971-இல் இந்தியத் தரநிலைகள் நிறுவனம் வெள்ளையடிப்புக்கெனத் தனி நெறிமுறை வெளியிட்டபோது, அக்கலை நகரங்களில் மலிவான கட்டடங்களுக்கு உரியதாகத் தாழ்ந்துகொண்டிருந்தது.

பராமரிப்பின் பொறுப்பு எவருடையது என்ற வினா இதே காலத்தில் சட்டச்சிக்கலாகவும் மாறியது. 1947-இன் பம்பாய் வாடகைச் சட்டம், வாடகையை 1940 செப்டம்பர் நிலையோடு பிணைத்தது. குடியிருப்போருக்கு அது அரணாயிற்று. வருவாய் உயராத உரிமையாளர்களோ பழுதுபார்ப்பைக் கைவிட்டனர். ஒழுகும் கூரையும் ஊறிய சுவரும் ஆண்டுகள் கடந்து கட்டடச் சரிவுகளாக முடிந்தபோது, 1969-இல் பழுதுபார்ப்பு வாரியத்துக்கான சட்டம் இயற்றப்பட்டு, தனி வரியும் விதிக்கப்பட்டது. பம்பாயில் ‘செஸ் கட்டடங்கள்’ என வழங்கும் பழைய வீடுகள் அந்த வரியால் பெயர் பெற்றவை. வாடகை வரலாற்றை எழுதுவோர் உரிமையாளர், குடியிருப்போர் என்ற இரு தரப்பை மட்டும் காண்கின்றனர். எவரும் பேணாத சுவர் அங்கே மூன்றாவதாக நிற்கிறது.

5. இன்றைய சுவரும் ஆய்வுக்கான வழிகளும்

ஈரமும் பூஞ்சணமும் கொண்ட உள்ளறைகள் ஆஸ்துமாவோடும் பிற மூச்சுநோய்களோடும் தொடர்புடையவை என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் 2009-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் தெளிவுபடுத்தின. பிளேக் காலத்து நிர்வாகம் தவறான நோய்க்குச் சுவரைக் குற்றம் சாட்டியது. சுவரின் உண்மையான தீங்கு மெதுவானது. புள்ளிவிவரங்களில் எளிதில் அகப்படாதது. தரைத்தள வாடகை அறைகளிலும் தொழிலாளர் குடியிருப்புகளிலும் வாழும் குழந்தைகளின் நுரையீரலில் தங்குவது.

வரலாறு தரும் நடைமுறைப் பாடமும் எளியதே. ஓதத்துக்கு மூன்று ஊற்றுகள் உண்டு: நிலத்திலிருந்து ஏறும் ஈரம், மழையாலும் குழாய்க் கசிவாலும் புகும் நீர், சமையலாலும் குளியலாலும் எழுந்து குளிர்ந்த சுவரில் படியும் நீராவி. தரையிலிருந்து ஏறும் கோடு முதலாவதைக் காட்டும். கூரையோரத்திலோ குழாயருகிலோ தனித்து நிற்கும் திட்டு இரண்டாவதைக் காட்டும். மூலைகளிலும் அலமாரிக்குப் பின்னும் உப்பில்லாமல் பூக்கும் பூஞ்சணம் மூன்றாவதைக் காட்டும். நீர்த்தடுப்பு வண்ணம் வெளிச்சுவரில் மோதும் மழையைத் தடுக்க உதவலாம்; நிலத்து ஈரத்தைத் தடுக்க இயலாது. ஊற்றை அடைத்தபின், இற்றுப்போன காரையை நல்ல பகுதி தெரியும்வரை கொத்தியெடுத்து, உப்பை உலர்ந்த தூரிகையால் துடைத்து அகற்றி, சுவரைக் காயவிட வேண்டும். உப்பை நீர்விட்டுக் கழுவினால் அது கரைந்து மீண்டும் சுவருக்குள்ளேயே செல்லும். காய்வதற்கு மாதங்கள் ஆகலாம். அதன்பின் பழைய செங்கற்சுவருக்குச் சுண்ணாம்புக் காரையும் சுண்ணாம்புப் பூச்சுமே பொருந்தும். காத்திருக்கும் அந்த மாதங்களைத்தான் இன்றைய ஒப்பந்தமுறை அனுமதிப்பதில்லை. திருநாளுக்கு முன் வீடு பளிச்சிட வேண்டும் என்ற வழக்கம் எஞ்சியிருக்கிறது. அதற்கு அடிப்படையாக இருந்த உலர்த்தும் அறிவு மறைந்துவிட்டது.

இந்திய நகர வரலாறு இதுவரை தெருக்களையும் சாக்கடைகளையும் நீர்வழங்கலையும் விரிவாக ஆராய்ந்துள்ளது. வீட்டின் உட்சுவர் அத்தகைய கவனத்தைப் பெறவில்லை. சான்றுகளுக்குக் குறைவில்லை. பொதுப்பணித்துறையின் விலைப்பட்டியல்களில் சுண்ணாம்பு எந்த ஆண்டு சிமெண்டுக்கு இடங்கொடுத்தது என்பதைத் தொடரலாம். நகராட்சி நலவாழ்வு அறிக்கைகளில் வெள்ளையடிப்பின் கணக்குகள் உள்ளன. வாடகை வழக்குகளில் ஓதம் பற்றிய முறையீடுகளும், உப்புத்துறைக் கோப்புகளில் நோனியாக்களின் உரிமங்களும் கிடைக்கும். சூளைத் தொழிலாளர்கள், வெள்ளையடிப்போர், வண்ணமடிப்போர் ஆகியோரின் வாய்மொழி வழக்காறுகள் இன்னும் திரட்டப்படாதவை. அவர்களுள் சுண்ணாம்பின் கைப்பக்குவம் அறிந்த கடைசித் தலைமுறை முதுமையை எட்டிவிட்டது. ஆவணக்காப்பகங்கள் காத்திருக்கும், அவர்களிடம் கேட்கவேண்டிய வினாக்களை இப்போதே கேட்டாக வேண்டும்.